விங்க்ளர் பெரிய குடும்பம் (கனடாவின் மனிடோபாவில் விங்க்ளர் ஊர் மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பத்தின் அரட்டைக் குழு; ட்வீபாக் என்பது இரட்டை உருண்டை பன், டாந்தே என்றால் அத்தை, ஓங்கல் என்றால் மாமா): ட்வீபாக் யார் சுடுவது?

ஹெலன்: பாட்டி அடக்கம் சனிக்கிழமை 2 மணி. அப்புறம் சபைக் கூடத்தில் ஃபாஸ்பா, நம் மாலைச் சிற்றுணவு. காபி, சர்க்கரைக் கட்டி சொல்லியாயிற்று. ட்வீபாக் யார் சுடுவது?

டீனா டாந்தே: எத்தனை பேர்?

ஹெலன்: 200 வரலாம்.

பீட்டர்: ஜெர்மன் ஸ்வீபாக் ரஸ்க் பாக்கெட்டில் கிடைக்கிறதே. வாங்கிவிடலாம்.

டீனா டாந்தே: அது பல் முளைக்கிற குழந்தைக்கு.

யாக்கோப் ஓங்கல்: பெயர் ஒன்று, பண்டம் வேறு. ஜெர்மனில் ஸ்வீ என்றால் இரண்டு, பாக் என்றால் சுடுவது. இருமுறை சுட்டது. இத்தாலியரின் பிஸ்கோத்தோவைப் பார்த்து அமைத்த சொல். பிஸ்கட்டும் அதே பொருள்தான். நம் தாழ்ஜெர்மன் பேச்சான ப்ளாட்டீட்ஷில் ஸ்வீ, ட்வீ ஆகிவிட்டது என்பார்கள், அது தலைகீழ். பழைய ‘ட’வை மாற்றியவர்கள் தெற்கு ஜெர்மானியர்கள். நாமும் டச்சுக்காரர்களும் மாற்றவில்லை.

சூசி: மாவு எத்தனை கிலோ?

டீனா டாந்தே: இருமுறை எங்கே சுடுகிறோம்? பெரிய உருண்டை மேல் சின்ன உருண்டை. அதனால்தான் ட்வீ.

யாக்கோப் ஓங்கல்: பார்க்க அப்படித் தோன்றும். நம் முன்னோர் 1874-ல் ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறியபோது கெடாமல் இருக்க மறுபடி அடுப்பில் உலர்த்தித்தான் மூட்டை கட்டினார்கள்.

டீனா டாந்தே: அது ‘ஜெரீஷ்ட’ ட்வீபாக். பெயரிலேயே இருமுறை இருந்தால் உலர்த்தியது என்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

பீட்டர்: 👏

யாக்கோப் ஓங்கல்: பண்டம் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொள்ளும். விரிவாக எழுதுகிறேன்.

சூசி: வேண்டாம் ஓங்கல்.

ஆபிராம் (மெக்சிகோ): குவாடெமோக்கிலிருந்து கிளம்புகிறோம். சீஸ் கொண்டுவரட்டுமா? இங்கே அதற்குப் பெயரே கேஸோ மெனோனீட்டா, மெனோனைட் சீஸ்.

டீனா டாந்தே: 1922-ல் உங்கள் வீட்டார் இங்கிருந்து மெக்சிகோவுக்கு எடுத்துப் போன மாவுத்தொட்டியைக் கொண்டுவாருங்கள்.

ஆபிராம் (மெக்சிகோ): மறுபடி தொட்டியா! பள்ளியில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று 1916-ல் மனிடோபாவில் சட்டம் போட்டார்கள், போனோம். தொட்டிக்காகவா போனோம்?

பீட்டர்: இன்றைக்கு வேண்டாமே.

வில்லி: நானும் பாக்கே செய்ய வரலாமா?

டீனா டாந்தே: ‘பாக்கென்’ மாப்பிள்ளை. ரஷ்யாவில் மோலோச்னா குடியிருப்பிலிருந்து வந்த நீங்கள் கடைசி ‘ன்’னை விழுங்கிவிடுவீர்கள்.

வில்லி: அங்கே இன்னொரு குடியிருப்பான கோர்ட்டிட்ஸாக்காரர்கள் வீட்டில் பெண் எடுத்தால் இதுதான்.

சூசி: போன முறை இவர் சுட்டதில் மேல் உருண்டையெல்லாம் சரிந்துவிட்டது. கட்டைவிரலால் அடிவரை அழுத்த வேண்டும்.

யாக்கோப் ஓங்கல்: சரிந்தால் அது ட்வீபாக்கே இல்லை என்கிறாளா டீனா?

டீனா டாந்தே: ஆமாம்.

ஹெலன்: டீனா டாந்தே 150 என்று எழுதிக்கொள்கிறேன். மீதி?

டீனா டாந்தே: நான் எப்போது சரி என்றேன்?

பீட்டர்: பன்றித்தொடை யார் வாங்குவது?