திருச்சி–சிங்கப்பூர்: சாப்பாடு டிக்கெட்டோடு வர வேண்டுமா, தனியாக வாங்க வேண்டுமா?

காவிரிக்கரை
திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. இங்கிருந்து நேராகப் போகிறவை ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ மாதிரியான மலிவுக் கட்டண விமானங்கள்தான், அடிப்படை டிக்கெட்டில் சாப்பாடு கிடையாது. சென்னைக்காரர்களுக்காவது கொஞ்சம் கூடக் கொடுத்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சூடான சாப்பாடு, ஜூஸ், காபி, வேண்டுமானால் பீர் வரைக்கும் டிக்கெட்டிலேயே வந்துவிடுகிறது. நமக்கு அந்த வழியே இல்லை. பறக்கிற நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள், புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வருகிறவர் அதற்கும் முன்னாலேயே பஸ் ஏறியாக வேண்டும், இறங்கியபின் குடியேற்ற வரிசை வேறு. வீட்டை விட்டுக் கிளம்பி அடுத்த வேளை ஒழுங்காகச் சாப்பிட அரை நாளுக்கு மேல் ஆகிறது. இத்தனை நேரப் பயணத்துக்கு ஒரு வேளை உணவும் தண்ணீரும் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

ஜன்னலோரம்
வந்துவிட்டேன். காவிரிக்கரை, இலவசச் சாப்பாடு என்று ஒன்றே கிடையாது, அந்தக் காசு டிக்கெட்டில் ஏறும், அவ்வளவுதான். இன்றைக்குத் திருச்சியிலிருந்து இத்தனை பேர் பறக்க முடிகிறதென்றால் பையையும் சாப்பாட்டையும் இருக்கைத் தேர்வையும் தனித்தனியாகப் பிரித்து, வேண்டாதவருக்கு விலையைக் குறைத்ததால்தான். நானே ராத்திரி விமானத்தில் ஏறினால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். நான் தின்னாத பிரியாணிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? வேண்டுமென்பவர் டிக்கெட் போடும்போதே முன்பதிவு செய்துகொள்ளட்டும், விமானத்தில் வாங்குவதைவிட அது மலிவும்கூட. இந்தியா ரெண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். இங்கே ஒரு மணிக்குக் கிளம்பி அங்கே காலை எட்டுக்கு முன்னாடி இறங்குகிற பயணத்தில் நடுராத்திரி இரண்டரைக்கு விளக்கைப் போட்டு "சிக்கனா வெஜ்ஜா" என்று எழுப்பினால் எத்தனை பேருக்கு அது சேவையாகத் தெரியும்?

தேக்கா வாசி
ஜன்னலோரம் சொல்கிற முன்பதிவு யாருக்கு நடக்கும்? கைபேசியில் டிக்கெட் போட்டு, பத்துப் படங்களில் ஒன்றைத் தொட்டு, கார்டில் காசு கட்டத் தெரிந்தவருக்கு. திருச்சி விமானத்தில் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிற ஆட்கள், டிக்கெட்டை முதலாளியோ ஏஜெண்டோ போட்டிருப்பார், அதில் சாப்பாடு சேர்க்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒருமுறை என் பக்கத்து இருக்கையில் முதல் தடவை வேலைக்குப் போகிற தம்பி ஒருவர். பாதி வழியில் தண்ணீர் கேட்டார். விலை சிங்கப்பூர் டாலரில் சொன்னார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார், ரூபாய் வாங்க மாட்டோம் என்று விட்டார்கள். கார்டு கிடையாது அவரிடம். நான் வாங்கிக் கொடுத்தேன், அவர் அந்த ஐந்நூறை என் கையில் திணிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் காசு இருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்க முடியவில்லை அந்தப் பிள்ளையால். விமானத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் இதைப் பார்த்தபிறகு "வேண்டுமென்பவர் வாங்கிக்கொள்ளட்டும்" என்று என்னால் சொல்ல முடியாது.

ஜன்னலோரம்
தண்ணீர் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை அண்ணே. நான் பேசியது சாப்பாட்டைப் பற்றி.

நிலையாணை
தண்ணீர் பற்றி ஒரு தகவல். இந்திய விமான நிறுவனங்கள் எதையெல்லாம் தனிக் கட்டணமாகப் பிரித்து வாங்கலாம் என்று டிஜிசிஏ, அதாவது இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் சுற்றறிக்கை இருக்கிறது. இருக்கைத் தேர்வு, பை, உணவு, பானம் எல்லாம் அதில் வரும், ஆனால் குடிதண்ணீர் நீங்கலாக என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே நம் நாட்டு விமானத்தில் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள், கப்பில் ஊற்றித் தருவார்கள். வெளிநாட்டு நிறுவனங்களை இது கட்டுப்படுத்தாது, சிக்கல் அங்கேதான். தாமதம் பற்றிய விதி தனி: இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணமென்றால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானம் தாமதமாகும்போது உணவும் சிற்றுண்டியும் தந்தாக வேண்டும். திருச்சி–சிங்கப்பூர் அந்தக் கணக்குக்குள் வருகிறது. கவுண்டரில் போய்க் கேட்காதவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பலகாரக்கடை
நான் சில வருஷம் விமானங்களுக்குச் சமைத்து அனுப்புகிற கிச்சனில் வேலை பார்த்தவன், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் வருவது யாரும் அப்போது சமைத்த சாப்பாடு இல்லை. முன்கூட்டியே சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைத்து, குளிர்ச்சி குறையாமல் விமானத்துக்கு ஏற்றுவோம். மேலே அடுப்பில் சூடுபண்ணித் தருகிறார்கள். இதில் முதலில் அடிவாங்குவது சோறு. குளிர்ந்ததும் விறைத்துவிடும், திரும்பச் சூடாக்கும்போது மேல்பரப்பு காய்ந்து ஓரம் கெட்டியாகிவிடும், அதனால்தான் எதிலும் குழம்பைச் சோற்றை ஒட்டி ஊற்றி, அலுமினிய மூடியை இறுக்கி மடிப்போம். வடை போட்டால் நமுத்துப் போகும், தோசை நினைத்தே பார்க்க முடியாது. இட்லி, பொங்கல், உப்புமா தாங்கும். மலிவு விமானங்கள் சிலவற்றில் சுடுநீர் ஊற்றி மூடி வைக்கிற உப்புமா கப் தருவதற்குக் காரணமும் இதுதான், அடுப்பே தேவையில்லை.

அடுத்தது ருசி. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற மாதிரி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. 2010ல் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் செய்த ஆய்வில், உப்பும் இனிப்பும் நாக்குக்கு வெகுவாகக் குறைந்து தெரிவதாகவும் புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையாததாகவும் கண்டார்கள். காபியும் மேலே சரியாக வராது, 8,000 அடி அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். இத்தனை கஷ்டப்பட்டு ஏற்றுகிற தட்டில் பாதி சாப்பிடாமல் திரும்பி வருவதை நான் கழுவுமிடத்தில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு விமானத்திலிருந்து இறங்குகிற உணவைத் தொற்றுக்குப் பயந்து ஐரோப்பா போன்ற இடங்களில் எரித்தோ புதைத்தோதான் அழிக்க வேண்டும், மூடி திறக்காத பெட்டியாக இருந்தாலும். எல்லோருக்கும் கட்டாயமாக ஒரு தட்டு என்றால் அந்தக் குப்பை இன்னும் கூடும். என் ஓட்டு ஜன்னலோரத்துக்கு.

காவிரிக்கரை
பலகாரக்கடை அண்ணே, நல்ல தகவல், ஆனால் உங்கள் தகவலே என் பக்கம் பேசுகிறது. புளிப்பும் காரமும் மேலே குறையாது என்றால் புளியோதரைக்கும் தக்காளிச் சோற்றுக்கும் வழி திறந்தே இருக்கிறதே! அதிலும் புளியோதரை குளிர்ந்தாலும் நன்றாகவே இருக்கும், அடுப்பே வேண்டாம். ஒரு சின்னப் பெட்டியில் புளியோதரை, ஒரு துண்டு ஊறுகாய், ஒரு தண்ணீர் பாட்டில். இதற்கு ஏன் தட்டு, ட்ரே, நான்கு கிண்ணம்?

எடை, எரிபொருள் என்று யாராவது வருவதற்கு முன்னால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். கூடுதலாக ஏற்றுகிற எடையில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் எரிபொருளாகப் போகும் என்பது பொதுவான கணக்கு. 180 பேர், ஆளுக்கு டிராலியின் பங்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ என்றே வைத்துக்கொள்வோம், 270 கிலோ. நான்கு மணி நேரத்துக்கு 12 சதவீதம் என்றால் சுமார் 32 கிலோ எரிபொருள், அதாவது 40 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 3,600 ரூபாய். ஆளுக்கு 20 ரூபாய். எடையைக் காரணம் காட்டி யாரும் என்னை வாயடைக்க முடியாது.

பலகாரக்கடை
எடைக் கணக்கு சரி தம்பி, ஆனால் செலவு அங்கே இல்லை. கிச்சன் வாடகை, குளிர்பதன லாரி, ஏற்றி இறக்கும் ஆள், விமானம் தரையில் நிற்கிற நேரம், இவைதான் செலவு. நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்தில் 180 பேருக்கு நாலைந்து பணியாளர்கள் கொடுத்து, பிறகு குப்பையை வாங்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் போய்விடும், அதுவரை கழிவறைக்குப் போகிறவர் டிராலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். புளியோதரைப் பெட்டி யோசனை நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. கட்டாயம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

உறையூர் அம்மா
நீங்கள் எல்லாம் இளவட்டம் போல, பேசுகிறீர்கள். எனக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் குறித்த நேரத்தில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். மகள் வீட்டுக்குப் போகும்போது வெளிச் சாப்பாட்டை விமானத்தில் பிரிக்கக்கூடாது என்று ஒரு விமானத்தில் சொல்லிவிட்டார்கள், என் பையில் சப்பாத்தி இருந்தது. மருத்துவக் காரணம் என்று சொல்லிக் கேட்டபிறகு விட்டார்கள், ஆனால் அந்த ஐந்து நிமிஷம் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, கூசிப்போனேன். நீங்கள் சாப்பாடு தர வேண்டாம், விற்றுக்கொள்ளுங்கள், சரி. நான் கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடவும் விடமாட்டேன் என்றால் அது என்ன நியாயம்? கட்டுச்சோறு இல்லாமல் நம் ஆட்கள் எந்தக் காலத்தில் பயணம் போனார்கள்?

ஜன்னலோரம்
அம்மா, இதில் உங்கள் பக்கம்தான் நான். தனித்தனியாகப் பிரித்து விற்பது நியாயம் என்று நான் வாதாடுவதே, வேண்டாமென்று சொல்ல வழி இருக்கிறது என்பதால். வாங்கவும் மாட்டேன், கொண்டுவந்ததைச் சாப்பிடவும் விடமாட்டீர்கள் என்றால் அந்த வழியே அடைபட்டுப் போகிறது. வாசனை, ஒவ்வாமை என்று காரணம் சொல்வார்கள், அவர்களே அதே டிராலியில் சுடச்சுட நூடுல்ஸ் விற்கிறார்கள்.

தேக்கா வாசி
திரும்பி வரும்போது இன்னொரு தொல்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முனையம் 1, 2, 3 மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும், முனையம் 4ல் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில். குடியேற்றம் தாண்டிக் கடையில் தண்ணீர் வாங்கி ஆசுவாசமாகக் கேட்டுக்குப் போனால், 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று அந்த பாட்டில் குப்பைக்குப் போகும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் வருகிற தம்பிகள் வாங்கியதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். காலி பாட்டிலைக் கையில் வைத்திருங்கள், சோதனை முடிந்து உள்ளே போனதும் குடிநீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதைப் பிடுங்கி, விமானத்துக்குள் தண்ணீரையும் டாலருக்கு விற்றால் மனிதன் எங்கே போவான்?

மேகமூட்டம்
முதல் பதிவுக்குப் பிறகு யாரும் பீர் பற்றிப் பேசவில்லையே. முழுச்சேவை விமானத்தில் ஒரு பீர், ஒரு கிளாஸ் ஒயின் தருகிறார்கள், நான்கு மணி நேரத்தில் அது ஒரு சுகம்தான். டிக்கெட்டோடு சாப்பாடு என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காவிரிக்கரை
அதை நான் கேட்க மாட்டேன். காற்று காய்ந்து கிடக்கிற இடத்தில் மது இன்னும் உடம்பை வறளவைக்கும். பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்க, மூன்றாவது பெக் கேட்டுச் சத்தம் போடுகிறவரையும் இந்தத் தடத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்நாட்டு விமானங்களில் இந்தியாவில் மதுவே கிடையாது, யாரும் செத்துப் போகவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் வாங்கட்டும்.

நிலையாணை
விவாதம் பாதி தீர்ந்துவிட்ட மாதிரி தெரிகிறது, ஒரு வெளி உதாரணம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 ஜனவரியில் குறுந்தூர விமானங்களின் எகானமியில் இலவச உணவையும் பானத்தையும் நிறுத்திவிட்டு விற்க ஆரம்பித்தது. லண்டன்–ஏதென்ஸ் கூட அவர்களுக்குக் குறுந்தூரம்தான், அதுவும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். கொரோனா காலத்துக்குப் பிறகு தண்ணீரும் ஒரு சின்ன நொறுக்குத்தீனியும் மட்டும் இலவசமாகத் திரும்பி வந்தன, சாண்ட்விச் இன்றைக்கும் காசுக்குத்தான். அந்த அளவை நாமும் கேட்கலாம், கேட்டால் கிடைக்கக்கூடியதும்கூட.

ஜன்னலோரம்
தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதோடு சொந்தச் சாப்பாட்டுக்குத் தடை கூடாது, ரூபாயில் காசு வாங்க வேண்டும், அறிவிப்பில் தமிழிலும் விலையைச் சொல்ல வேண்டும். முழுச் சாப்பாடு வேண்டாம்.

காவிரிக்கரை
நீங்கள் சொன்ன நாலையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சாப்பாட்டை விடமாட்டேன். பிஸ்கட்டில் வயிறு நிறையாது. டிக்கெட் போடும் பக்கத்தில் ஒரு வேளை உணவு முதலிலேயே சேர்ந்திருக்கட்டும், வேண்டாதவர் எடுத்துவிட்டு அந்தக் காசைக் குறைத்துக்கொள்ளட்டும். ஏஜெண்ட் போட்டுக் கொடுக்கிற டிக்கெட்டிலும் அப்படியென்றால் அது தம்பிகளுக்குப் போய்ச் சேரும், உங்களுக்கும் தின்னாத பிரியாணிக்குக் காசு போகாது. பலகாரக்கடை அண்ணே, குளிர்ந்தாலும் தாங்குகிற பெட்டிச் சாப்பாடு இன்னும் என்னென்ன போடலாம் என்று எழுதுங்கள், அதையும் சேர்த்தே நிறுவனங்களுக்கு மனு எழுதலாம்.

பலகாரக்கடை
புளியோதரை, எலுமிச்சைச் சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தியும் உலர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலும். தயிர்சாதம் எழுதாதீர்கள், குளிர்ச்சி விட்டால் புளித்துவிடும். நீங்கள் சொல்கிற மாதிரி வேண்டாமென்பவர் எடுத்துவிடலாம் என்றால் எனக்கும் மறுப்பில்லை, எத்தனை பெட்டி என்று கிச்சனுக்கு முதல் நாளே தெரிந்தால் குப்பை பெரும்பாலும் இருக்காது.