‘தாத்தா வீடு’ குழுவில் ஒரு மஞ்சள் கயிறு

செந்தில்: (3 படங்கள்)

செந்தில்: கலஹாரியில் நோசோப் ஆற்றங்கரையில் இருக்கிறேன். பெயர்தான் ஆறு, சொட்டுத் தண்ணீர் இல்லை. இக்கரை தென்னாப்பிரிக்கா, அக்கரை போட்ஸ்வானா. நடுவில் வேலிகூடக் கிடையாது.

சித்தப்பா: மரத்தின் மேல் வைக்கோற்போரை யார் தூக்கி வைத்தது?

செந்தில்: கூடு சித்தப்பா! நம் தூக்கணாங்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் கூட்டுக்குடும்பம். நூற்றுக்கணக்கான குருவிகள், ஒரே கூரை, வாசலெல்லாம் கீழ்ப்பக்கம். ஓர் அறையில் கையடக்க வல்லூறு ஒன்று வாடகை தராமல் குடியிருக்கிறது.

மலர்: அண்ணா, மூன்றாவது படத்தில் மஞ்சளாகத் தொங்குவது கயிறா?

செந்தில்: கேப் நாகம்.

அம்மா: பாம்பா? எவ்வளவு பக்கத்தில் இருந்தாய்?

செந்தில்: காருக்குள்தான் அம்மா. குறிப்பிட்ட இடங்களைத் தவிர இங்கே இறங்கவே கூடாது. 600 மி.மீ. லென்ஸ். ஜன்னல் விளிம்பில் பயறு நிரப்பிய துணிப்பை, அதன்மேல் லென்ஸ்.

அம்மா: பயறு வாங்கிச் சமைத்துச் சாப்பிடு என்றால் கேமராவுக்குத் தலையணை செய்திருக்கிறாய்.

சித்தப்பா: நீ அதைப் படம் எடுத்தாய், அது படம் எடுத்ததா?

செந்தில்: எடுக்கவில்லை, வேலையில் மும்முரமாக இருந்தது. எடுத்தாலும் நம் நல்ல பாம்புபோல் முதுகில் கண்ணாடிக் குறி இருக்காது.

மலர்: என்ன வேலை?

செந்தில்: அறை அறையாக நுழைந்து குஞ்சுகளைத் தின்றது. நான் குருவிகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அத்தனையும் மரத்தைச் சுற்றிக் கத்தின. அதன் பிறகுதான் கிளையோரம் வாலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் எடுக்கக் கை வரவில்லை.

அத்தை: பாவம். அந்த வல்லூறு என்ன செய்தது?

செந்தில்: முதல் ஆளாகப் பறந்துவிட்டது அத்தை.

சித்தப்பா: கறுப்பு மாம்பாவைப் பார்த்தாயா?

செந்தில்: இதுவரை இல்லை. அதற்கு வாய்க்குள்தான் கறுப்பு, உடம்பு சாம்பல் நிறம். எனக்குப் பயமெல்லாம் பஃப் ஆடர் விரியனிடம்தான். ஆள் வந்தாலும் நகராது, மணலோடு மணலாகக் கிடக்கும், தெரியாமல் மிதித்தால் கடி. முகாமில் டார்ச் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போவதில்லை.

அம்மா: செருப்பா, ஷூவா?

செந்தில்: கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ அம்மா.

அம்மா: சரி. இனிமேல் குழுவில் குருவிப் படம் மட்டும் போடு. பாம்பை மலருக்குத் தனியாக அனுப்பிக்கொள்.

சித்தப்பா: எனக்கும்.