ஏழு, எட்டாம் வகுப்புக்குப் பாட்டு எடுக்கிறேன், பாதிப் பேர் வாயே திறப்பதில்லை

ஐந்தரைக்கட்டை:
வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரை நாள், அதிலும் பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் வந்து பீரியடை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கருவி எதுவும் கிடையாது, என் போனில் இருக்கும் தம்புரா ஆப்தான். நான் படித்த முறைப்படியே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்பு பரவாயில்லை. ஏழில் நாற்பது பேர், ஆளுக்கொரு ‘ரி’ பாடுகிறார்கள். எட்டில் பையன்கள் பாடுவதே இல்லை. ஒருவனுக்குக் குரல் உடைந்து கீச்சென்று போனதும் வகுப்பே சிரித்துவிட்டது, அன்றிலிருந்து அவன் கடைசி பெஞ்சு. என்ன செய்யலாம்?

மேசைத்தாளம்:
டீச்சர், சரளியை ஒரு மாதம் ஓரமாக வையுங்கள். தினமும் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறார்களே, அது எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டு, ராகம் மோகனம், நடை திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்தபோது முல்லைப்பாணி (மோகனத்தின் தமிழ்ப் பெயர்), மூன்றன் நடை (திஸ்ரம்), 55 விநாடி என்று அரசாணையிலேயே போட்டார்கள். ஆக உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ராகம் ஏற்கனவே மனப்பாடம், அது ராகம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் முதல் வகுப்பில் அதைப் பாடவைத்து ‘தகிட தகிட’ என்று தொடையில் தட்டச் சொன்னேன். அடுத்த வாரம் வார்த்தை இல்லாமல் வெறும் ‘ம்’. அப்புறம்தான் ச ரி க ப த. மோகனத்தில் ம, நி இல்லை, அதனால் ஸ்வரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி நிற்கும். மாயாமாளவகௌளையில் ‘ச’வை ஒட்டியே ‘ரி’ உட்கார்ந்திருக்கிறது, நாற்பது பேர் சேர்ந்து அதைப் பிடிப்பது கஷ்டம்.

பழையபாடாந்தரம்:
மோகனம் சரி. ஆனால் மாயாமாளவகௌளையை இப்படித் தள்ளிவிடாதீர்கள். கர்நாடக சங்கீதத்துக்குப் பாடமுறை வகுத்த புரந்தரதாசர் காட்டிய வழி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ச ரி க ம எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் ப த நி ச-வும் ஏறுகிறது, கீழ்ப் பாதி படிந்தால் மேல்பாதி தானாக வரும். வீட்டில் நான்கு பேரை உட்காரவைத்துச் சொல்லித்தரும்போது இதுதான் நல்லது. நாற்பது பேருக்கு வாரம் ஒரு பீரியடில் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கொன்னக்கோல்:
எட்டாம் வகுப்பில் ராகம் பிரச்சினையே இல்லை, சுருதிதான், அதாவது ‘ச’வை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பது; அந்த உயரத்தைத்தான் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஐந்தரைக் கட்டை! உங்களுக்கு அது வசதி. குரல் உடைந்த பையனுக்கு அந்த சட்ஜமே (‘ச’) உச்சி, கீழே இறங்கினாலோ பாதாளம், நடுவில் மாட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறான். இரண்டு, இரண்டரைக் கட்டையில் வைத்து ச முதல் ப வரை மட்டும் பாடச் சொல்லுங்கள். பையன்கள் கீழே, பெண் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே, அதாவது அடுத்த ‘ச’விலிருந்து. குரல்வளை வளர்கிறது, அதனால்தான் இப்படி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். யாரையும் தனியாக எழுப்பிப் பாடச் சொல்லாதீர்கள், சில மாதங்களுக்காவது. வாய் திறக்காதவனுக்கு மேசை இருக்கிறது: ஐந்து எண்ணிக்கைக்கு ‘தக தகிட’, ஏழுக்கு ‘தகிட தகதிமி’. அரை வகுப்பு எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போட, அரை வகுப்பு சொல்லட்டும். பறை அடிக்கிற வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனை முன்னால் கூப்பிடுங்கள், நீங்களும் அவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

வடமராட்சி:
இங்கே யாழ்ப்பாணத்தில் தரம் 6இல் சங்கீதம், நடனம், சித்திரம் என்று அழகியல் பாடத்தில் ஒன்றைப் பிள்ளைகளே தெரிவு செய்வார்கள், அதனால் விரும்பினவர்தான் எங்கள் வகுப்புக்கு வருவினம். உங்களுக்கு எல்லாரும் கட்டாயம். பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம் இல்லை என்றால், ஒரு தவணைக்கு இரண்டு பாட்டு போதும் என்று நினைக்கிறேன்.

ஐந்தரைக்கட்டை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று எட்டாம் வகுப்பில் இரண்டரைக் கட்டை வைத்துப் பார்த்தேன், ஏழெட்டுப் பையன்கள் பாடினார்கள். கடைசி பெஞ்சுக்காரன் பாடவில்லை, ஆனால் ஏழு எண்ணிக்கையை முதலில் பிடித்தவன் அவன்தான். தட்டிய வேகத்தில் மேசைப் பலகை ஒன்று பெயர்ந்துவிட்டது, எச்.எம்.மிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்பது வேண்டும் என்று கேட்கிறான், எப்படிப் பிரிப்பது?

கொன்னக்கோல்:
தகதிமி தகதகிட. பலகைக்கு ஆணி அடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.