மறு: பக்கவிளைவு போதுமா? மருந்துச் சந்தை ஆய்வுக்கு ஒரு சொல்

> பக்கவிளைவு என்றே இருக்கட்டுமே. எல்லோருக்கும் புரிகிற சொல்.

வணக்கம் ஐயா. நாம் தமிழ்ச்சொல் தேடுவது 'அட்வர்ஸ் ஈவன்ட்' (adverse event) என்பதற்கு. பக்கவிளைவு என்றால் புரியும்தான், கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிடும். 'விளைவு' என்றதுமே மருந்துதான் காரணம் என்றாகிவிடுகிறது. அட்வர்ஸ் ஈவன்ட்டில் அந்த முடிவு கிடையாது. மருந்து எடுத்தவரின் உடம்புக்கு ஆகாதது ஏதோ நடந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்தால் வந்ததா என்று ஆராய மருந்து நிறுவனத்திலேயே தனிப் பிரிவு உண்டு. அந்த நிறுவனத்துக்காகச் சந்தை ஆய்வு நடத்தும் நம் வேலை, தகவலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்குப் பெரும்பாலும் ஒரு வேலைநாள்தான் கெடு.

களத்தில் எங்கே இடறும் என்று பாருங்கள். புதிய ரத்த அழுத்த மாத்திரையின் விலை பற்றி டாக்டரிடம் பேட்டி. பேச்சுவாக்கில், "ஒரு பாட்டி இதை ஆரம்பித்த வாரமே குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆனால் தரை வழுக்கல்" என்கிறார். பக்கவிளைவு இருந்தால் எழுது என்று சொல்லி அனுப்பப்பட்ட பேட்டியாளர் பேனாவையே எடுக்கமாட்டார். டாக்டரே தரைமேல் பழியைப் போட்டுவிட்டாரே! ஆனால் நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கு வேண்டிய நாலும் இங்கே இருக்கின்றன: இன்னார் என்று சுட்டக்கூடிய நோயாளி, சொன்னவர், மருந்து, நடந்த கேடு.

முந்தைய மடலில் வந்த 'பாதக நிகழ்வு' நல்ல சொல், அகராதிக்குப் போதும். களப் பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். மருந்தோடு உள்ள உறவு காலத்தால் மட்டுமே என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். ஆகவே என் முன்மொழிவு: 'மருந்துக்காலப் பாதகம்'. மருந்தை நிறுத்தியபின் தெரியவரும் கேடும் இதில் அடங்கும் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் சரி.

> கர்ப்பிணி ஒருவர் சாப்பிட்டுவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அதையும் அனுப்பச் சொல்கிறார்களே, அது பாதகமா?

பாதகம் இல்லை, ஆனாலும் அனுப்பவேண்டும். அளவு கூடிப்போனது, நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம்கூட அனுப்பவேண்டியவைதான். இவற்றுக்குத் 'தனிச்சூழல்' என்று வேறு கட்டம் போடலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திணித்தால் பேட்டியாளர் குழம்பிப்போவார்.

அப்புறம், அடுத்த சொல்லையும் இப்போதே போட்டுவைக்கிறேன். ஆய்வு முடிவில், நாம் அனுப்பியவையும் நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தவையும் ஒன்றுதானா என்று பார்ப்போமே, அந்த ரிகன்சிலியேஷன். கணக்குப் பாடநூல் 'சரிகட்டும் பட்டியல்' என்கிறது. ஆனால் சரிக்கட்டுவது என்றாலே காதில் வேறு மாதிரி விழுகிறது! நான் 'ஒத்துப்பார்ப்புப் பட்டியல்' என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?