பிளாக்ஜாக்ல சீட்டு எண்ணி ஜெயிச்ச எம்.ஐ.டி பசங்க: நிஜமா, சினிமாவா?

ஹாஸ்டல்_ரூம்114:
வணக்கம். இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். எம்.ஐ.டிங்கிற அமெரிக்க காலேஜ் பசங்க லாஸ் வேகாஸ் போய், பிளாக்ஜாக்ங்கிற சீட்டாட்டத்துல சீட்டு எண்ணியே கேசினோவைக் காலி பண்ற படம் ஒண்ணு போன வாரம் ரூம்ல பாத்தோம். அன்னிலேர்ந்து என் ரூம்மேட்டுக்குத் தூக்கம் போச்சு. ரம்மி கட்டை வச்சுக்கிட்டு "ப்ளஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே கிடக்கான். செமஸ்டர் லீவுல கோவா கேசினோவுக்குப் போலாம், ஆளுக்கு எட்டாயிரம் எடுங்கடாங்கிறான்.

அது உண்மையிலேயே நடந்ததா? 52 சீட்டையும் மனப்பாடம் பண்ணணுமா? முக்கியமா, எட்டாயிரத்தைக் கொடுக்கலாமா?

பழைய_பாஸ்டன்:
நடந்தது தம்பி. மனப்பாடம் எதுவும் வேணாம்.

நான் 2004ல எம்.ஐ.டி இருக்கிற பாஸ்டன் பக்கம் எம்.எஸ். படிக்கப் போனவன். எம்.ஐ.டி இல்ல, அதே ஊர்ல வேற காலேஜ். நாங்க நாலு பேர் இதே பைத்தியம் பிடிச்சு அலைஞ்சோம், அதனால சொல்றேன்.

ஆட்டம் இதுதான்: கேசினோ சார்பா சீட்டு போடுற டீலரோட நாம மோதணும், 21ஐத் தாண்டாம அவனைவிட அதிகம் எடுத்தா ஜெயிப்பு. எண்ணுறது இப்படி: 2லேர்ந்து 6 வரைக்கும் சீட்டு வந்தா ப்ளஸ் 1. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தா மைனஸ் 1. 7, 8, 9 வந்தா கண்டுக்காதே. சின்னது 20, பெருசு 20, நடுவுல 12. ஆக ஒரு முழுக்கட்டை எண்ணி முடிச்சா பூஜ்யம் வரணும். கேசினோவுல ஆறு கட்டு, எட்டு கட்டு சேர்த்து ஆடுவாங்க. அதனால வர்ற எண்ணை, இன்னும் எத்தனை கட்டு பாக்கியோ அதால வகுக்கணும். எண்ணிக்கை 8, பாக்கி 4 கட்டுன்னா உன் கணக்கு 2.

கணக்கு ஏறினா சின்னது நிறைய போயிடுச்சு, பெருசு நிறைய மிச்சம்னு அர்த்தம். பெரிய சீட்டு மிச்சம் இருந்தா நமக்கு என்ன லாபம்? முதல் ரெண்டு சீட்டுலயே 21, அதாவது ஏஸும் ஒரு பத்தோ படச்சீட்டோ வந்தா அதுதான் பிளாக்ஜாக். அதை அடிச்சா நமக்கு ஒண்ணரை மடங்கு. டீலர் அடிச்சா நாம வச்ச பந்தயம் மட்டும்தான் போகும். அதோட டீலர் 17 வர்ற வரைக்கும் சீட்டு இழுத்தே ஆகணும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. பெருசா மிச்சம் இருந்தா 21ஐத் தாண்டி அவன்தான் வெடிப்பான். எண்ணாம, தப்பில்லாம ஆடினாலும் கேசினோவுக்கு அரை சதவீதம் சாதகம். உன் கணக்கு ஒண்ணு ஏறினா அரை சதவீதம் நம்ம பக்கம் சாயும். 2ஐத் தொட்டா பந்தயத்தை ஏத்தணும், அவ்வளவுதான் வித்தை.

கட்டு ஒண்ணை 25 செகண்டுல எண்ணணும்னு வச்சிருந்தோம். ராஜாவும் நாலும் ஜோடியா விழுந்தா கண்ணு ரெண்டையும் சேர்த்தே தள்ளிடணும், அப்பதான் வேகம் வரும். சமையல் ரூம்ல உக்காந்து எண்ணுவேன். எனக்கு டெஸ்ட் வைக்கிறேன்னு ஒருத்தன் பக்கத்துல நின்னு "குக்கர் வச்சது நாலாவது விசிலா, அஞ்சாவதா?"ம்பான். பருப்பும் குழையும், கணக்கும் குழையும்.

கேசினோ போன முதல் நாள் ராத்திரியே கணக்கு 4க்கு ஏறிச்சு. 10 டாலர் வச்சிட்டிருந்தவன் 80 வச்சேன். எனக்கு ராஜா, ராணி. டீலருக்கு மேல தெரிஞ்சது 6. இதைவிட நல்ல நிலைமை கிடைக்குமா? கவுத்து வச்ச சீட்டைத் திருப்பினா 5. அடுத்து பத்து. 21. டீலரா இருந்த பொண்ணு என் காசை வழிச்சு எடுத்த வேகம் இன்னும் கண்ணுல நிக்குது. கணக்குல ஒரு தப்பும் இல்ல.

மூணு தடவை போனோம். 2,400 டாலர் 1,700 ஆச்சு. மூணாவது தடவை கோட்டு போட்ட ஒரு ஆள் வந்து தோள்ல கை வச்சு, "பிளாக்ஜாக் தவிர வேற எதை வேணா ஆடிக்கோங்க சார்"னு மரியாதையா சொன்னான். தோத்துட்டிருந்தவனைத் துரத்தின கதை எங்களோடதுதான்.

ஸ்டாட்ஸ்_வாத்தியார்:
மேல சொன்னது துரதிர்ஷ்டம் இல்லை, சாதாரண விஷயம். கைக்கு 10 டாலர், மணிக்கு 100 கை, உங்கள் பக்கம் 1 சதவீத சாதகம் என்று வையுங்கள். மணிக்கு எதிர்பார்ப்பு, அதாவது சராசரி லாபம், 10 டாலர். ஆனால் ஒரு மணி நேரத்தின் திட்ட விலக்கம், அதாவது அந்தச் சராசரியிலிருந்து வழக்கமாக மேலும் கீழும் விலகும் அளவு, சுமார் 115 டாலர். நூறு மணி நேரம் ஆடினால் எதிர்பார்ப்பு 1,000, விலக்கம் 1,150. அதாவது ஒரு தப்பும் செய்யாமல் நூறு மணி நேரம் உட்கார்ந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பார். பந்தயத்தை ஏற்றி இறக்கினால் இந்த விலக்கம் இன்னும் அதிகம். எட்டாயிரம் ரூபாய் ஒரு சாயங்காலத்துக்குத் தாங்காது.

ஹாஸ்டல்_ரூம்114:
அப்ப எம்.ஐ.டிகாரங்க மட்டும் எப்படி சார் ஜெயிச்சாங்க? அவங்களுக்கும் இதே கணக்குதானே?

பழைய_பாஸ்டன்:
கணக்கு அதேதான். அது புதுசும் இல்ல. எம்.ஐ.டியில கணக்கு வாத்தியாரா இருந்த எட்வர்ட் தார்ப் ஐ.பி.எம் 704 கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து 1962லயே புத்தகமா எழுதிட்டார். 1964ல வேகாஸ்காரங்க பயந்து விதியை மாத்தினாங்க. வாடிக்கையாளர் ஓடினதும் கொஞ்ச நாள்லயே பழையபடி ஆக்கிட்டாங்க. புத்தகத்தை அரைகுறையா படிச்சிட்டு வந்தவங்களால கேசினோவுக்குக் கொள்ளை லாபம். உன் ரூம்மேட் அந்த வரிசையில நிக்கிறான்.

எம்.ஐ.டி பசங்க 1979 வாக்குல ஆரம்பிச்சு முதல்ல தட்டுத் தடுமாறினாங்க. 1980ல பில் காப்லன்னு ஹார்வர்டுல எம்.பி.ஏ. முடிச்சவர் வந்து அதை ஒரு கம்பெனி மாதிரி ஆக்கினார். எல்லார் பணமும் ஒரே பானையில, 89,000 டாலர். டெஸ்ட் பாஸ் பண்ணாதவன் மேஜையில உக்காரக் கூடாது. எத்தனை மணி நேரம், எவ்வளவு வரவு போக்கு, எல்லாத்துக்கும் கணக்கு எழுதணும். பத்து வாரத்துல பணம் ரெட்டிப்பாச்சு. 1992ல வெளி ஆட்கள்கிட்டேயே சுமார் பத்து லட்சம் டாலர் திரட்டினாங்க.

இன்னொண்ணு, வேலையைப் பிரிச்சது. இது அவங்க கண்டுபிடிச்சதில்ல, முன்னாடியே இருந்த உத்தி. பத்து டாலர் வச்சவன் திடீர்னு எண்பது வச்சா கோட்டுக்காரன் மோப்பம் பிடிச்சிடுவான் இல்ல? அதனால நாலஞ்சு பேர் நாலஞ்சு மேஜையில சில்லறையை வச்சு எண்ணிக்கிட்டே இருப்பாங்க. கணக்கு ஏறினா கையைக் கட்டுற மாதிரி ஒரு சைகை. பணக்காரன் வேஷத்துல சுத்துற ஒருத்தன் அங்க வந்து பெருசா வைப்பான். கணக்கு என்னன்னு சாதாரணப் பேச்சுல ஒரு வார்த்தையை விட்டுச் சொல்லிடுவாங்க. சின்னதா வைக்கிறவன் எப்பவும் சின்னது, பெருசா வைக்கிறவன் எப்பவும் பெருசு. ஏத்தி இறக்குறவன் யாருமே இல்ல! நாங்க நாலு பேரும் ஆளாளுக்கு ஒரு மேஜையில உக்காந்து மாட்டினோம். புத்தி கெட்டவங்க.

கோவா போனா மேஜையில ரெண்டு விஷயம் பாரு. ஆடின சீட்டை ஒவ்வொரு கைக்கும் திரும்ப உள்ளே தள்ளிக் கலைச்சுக்கிட்டே இருக்கிற மெஷின் இருந்தா எண்ணுறது வீண் வேலை. பிளாக்ஜாக்குக்கு 10 வச்சா 15 தராம 12தான் தருவேன்னு போட்டிருந்தா, கஷ்டப்பட்டு எண்ணிச் சேர்த்த சாதகம் அங்கயே போயிடும்.

வேடிக்கை_பாக்குறவன்:
எட்டாயிரத்துக்குக் கோவாவுல நல்லா மீன் சாப்பிடலாம் தம்பி.

ஹாஸ்டல்_ரூம்114:
எல்லாருக்கும் நன்றி. அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். "டீம்தான்டா முக்கியம்"னு இப்ப பக்கத்து ரூம் பசங்களையும் சேக்கப் பாக்குறான். டெஸ்ட் வச்சேன். கட்டை எண்ண ஒண்ணரை நிமிஷம். கடைசியில பூஜ்யம் வரலை, மைனஸ் 1. திரும்ப எண்ணினான், மைனஸ் 1. மூணாவது தடவையும் அதே. எல்லாரும் சிரிச்சதுல கட்டை விட்டெறிஞ்சிட்டான். அப்புறம்தான் யாரோ சீட்டை எண்ணிப் பாத்தாங்க. 51. ஆட்டின் 3 இல்ல. ஜன்னல் கதவு ஆடக் கூடாதுன்னு போன மழையில மடிச்சுச் சொருகினது நான்தான்.