கொம்பியூட்டர் எழும்பாமல் நின்றபோது என்ன செய்தீர்கள்?

கல்லடியிலிருந்து:

2022 பங்குனிக் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் வெட்டு. அக்கா ரியூசன் பிள்ளைகளுக்கு அடிச்சு வைத்த வினாத்தாள் முழுக்க ஒரு பழைய டெஸ்க்டொப்பில்தான் இருந்தது. ஒரு நாள் கரண்ட் வந்ததும் போட்டால், கறுப்புத் திரையில் ஒரே வரி: துவங்க டிஸ்க் இல்லையாம். கடையில் காட்டினோம். "டிஸ்க் போயிற்று, உள்ளுக்குள்ள இருந்தது கிடைக்காது" என்றார்கள். அக்கா அன்று இராச்சாப்பாடு தொடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து டிலீட் கட்டையை அழுத்தி, கொம்பியூட்டரைத் துவக்கிவிடுகிற அடிப்படை மென்பொருளான பயோசுக்குள் போனேன். டிஸ்கின் பெயரும் அளவும் அங்கே ஒழுங்காகவே இருந்தன. திகதிதான் 2009 தை 1 என்று நின்றது. அதைக் கண்டதும் பிடிபட்டது.

சுவிட்சைப் போட்டவுடன் வின்டோஸ் ஓடுவதில்லை. முதலில் ஓடுவது மதர்போர்ட் சிப்பில் இருக்கிற பயோஸ். ராம், கீபோர்ட், டிஸ்க் எல்லாம் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் ராமில் ஏற்றி வேலையை அதனிடம் கொடுத்துவிடும். அது பூட் லோடர் என்கிற ஏற்றிவிடும் நிரலை எழுப்ப, பூட் லோடர் வின்டோசின் மையப் பகுதியான கேர்னலை எழுப்பும். இது பழைய முறை. யூஇஎஃப்ஐ என்கிற புது முறையில் அந்த 512 பைட்டுக்கு வேலையில்லை. டிஸ்கில் ஃபாட்32 என்ற கோப்பு அமைப்பில் உள்ள பகுதி ஒன்றுக்குள் இருக்கிற பூட் கோப்பைத்தான் தேடும். அக்காவின் வின்டோஸ் பழைய முறையில் போட்டது. போர்டின் சின்னப் பற்றரி எப்பவோ இறங்கியிருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருந்தவரை அதுவே பயோசின் நினைவைக் காத்தது. நீண்ட வெட்டில் எல்லாம் மறந்து, யூஇஎஃப்ஐக்குத் திரும்பிவிட்டது.

சிஆர்2032 பற்றரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 1.8. புதுசு போட்டு, பயோசில் பழைய முறைக்கு மாற்றிச் சேமித்தேன். வினாத்தாள் ஒன்றும் குறையவில்லை. பயோசில் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிசம் காணும். அதைக்கூடப் பார்க்காமல் "போயிற்று" என்று சொன்னது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

கல்முனையிலிருந்து:

எங்கட வீடு கடலுக்குக் கிட்ட. போன வருசம் திரையே வரவில்லை, பீப் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயோசுக்குப் பயோஸ் மாறும். ஆனால் பயோசின் சோதனையிலேயே நிற்கிறதென்றால் வின்டோசைத் திரும்பப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. அவ்வளவு தூரம் அது இன்னும் வரவேயில்லை. ராமைக் கழற்றினால் பொன்நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம். உப்புக்காற்றின் வேலை என்றுதான் நினைக்கிறேன். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். எழும்பிவிட்டது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

நான் பாவிக்கிறது வின்டோஸ் இல்லை, உபுண்டு என்கிற லினக்ஸ். கரண்ட் பட்டென்று போய் வந்த பிறகு, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று எழுதி அப்படியே நின்றது. அது வந்தால் கேர்னல் ஓடிவிட்டது என்று அர்த்தம். டிஸ்கின் உண்மையான பகுதியைத் திறக்கமுடியாமல் ராமில் இருக்கிற தற்காலிக அமைப்பில் காத்து நிற்கிறது. டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்துகிற எஃப்எஸ்சிகே கட்டளை கொடுத்துத் திருத்தினேன். ஆனால் தம்பிமார், திரையில் டிஸ்க் வாசிப்புப் பிழைகளும் வரிசையாக வந்தால் அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள். லைவ் பென்டிரைவில் (டிஸ்கைத் தொடாமல் நேரே ஓடுகிற உபுண்டு உள்ள பென்டிரைவ்) துவங்கி, முதலில் கோப்புகளை வேறு டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள்.