பெரியப்பா 60 – நானுஓயா (குடும்பக் குழு)

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: சுரேன் கொடுத்துவிட்டுப் போன வைன் போத்தல்கள் இவை. இரண்டிலும் அடியில் கசடு. ஒரே கலங்கல். மூடியைப் பார்த்தால் பியர் மூடி. பிரான்சில் பிள்ளையை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

கொட்டகலை மாமா: கெட்டுப்போய்விட்டது அக்கா. ஊற்றிவிடுங்கள்.

கொட்டகலை மாமா: ஊற்ற வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.

கவிதா: 😂

டிக்கோயா சித்தப்பா: சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக் கடை பூட்டு. ஞாயிறு விசேஷத்துக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமையே வாங்க வேண்டும். யார் போவது?

பெரியம்மா: யாரும் போக வேண்டாம். இது அறுபதாம் கலியாணம், தவறணை இல்லை.

சுரேன்: பெரியம்மா, அது கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் இருக்கும். பெயர் பெட்-நாட். லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடம் வாங்கினேன். சாதாரண வைன் என்றால் சாறு நன்றாகப் புளித்து முடிந்த பிறகுதான் போத்தலில் அடைப்பார்கள். இதைச் சீனி கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே அடைத்து மூடிவிடுவார்கள். மிச்சச் சீனியை ஈஸ்ட் போத்தலுக்குள் இருந்தே தின்னும். அதில் வருகிற வாயு வெளியே போக வழியில்லாமல் வைனிலேயே கரைந்து நிற்கும். திறந்தால் நுரைக்கும். அடியில் இருப்பது அந்த ஈஸ்ட்தான். குடிக்கலாம், ஒன்றும் செய்யாது.

கொட்டகலை மாமா: சோடா.

சுரேன்: இல்லை மாமா. சோடாவுக்கு வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள்.

பண்டாரவளை அத்தை: ஞாயிற்றுக்கிழமையா விசேஷம்? சரி.

பெரியம்மா: கார்டில் முதல் பெயரே உன்னுடையதுதான்.

பண்டாரவளை அத்தை: கார்டு வந்தது அண்ணி. வாயால் யாரும் சொல்லவில்லை.

கவிதா: அத்தை, இரவு அப்பா கோல் எடுப்பார்.

டிக்கோயா சித்தப்பா: (முன்னனுப்பியது) ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்ற துறவி. அனைவரும் அறிய வேண்டிய தகவல். பகிருங்கள்.

சுரேன்: அப்பா, அவர் நுரையைக் கண்டுபிடித்தவர் இல்லை. வைனில் நுரை வராமல் இருக்க வழி தேடியவர். அவர் ஓவிலேர் மடத்துக்கு வந்ததே 1668இல். தெற்கே லிமூ பக்கத்துக்காரர்கள், எங்கள் சாந்த் இலேர் மடத்தில் 1531இலேயே நுரைக்கும் வைன் இருந்தது என்று பெருமை பேசுகிறார்கள். பெட்-நாட் செய்கிற இந்த முறைக்கே அங்கே ‘மூதாதையர் முறை’ என்றுதான் பெயர். ஷாம்பெயின் வேறு. அதில் புளித்து முடிந்த வைனில் மறுபடி சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலுக்குள் இரண்டாம் தடவை புளிக்க வைக்கிறார்கள். பிறகு கசடை வெளியே எடுத்துவிட்டுத் தக்கை அடித்துக் கம்பி கட்டுகிறார்கள். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். பெட்-நாட்டில் பெரும்பாலும் அந்த அளவு இருக்காது, பியர் மூடியே தாங்கும். அப்புறம் மொன்லூயி என்ற ஊரில் 2007இலிருந்து

சுரேன்: மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

கொட்டகலை மாமா: எத்தனை சதவீதம்?

சுரேன்: 11.

கொட்டகலை மாமா: சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெண்களுக்குச் சரி.

பண்டாரவளை அத்தை: யார் கேட்டது?

டிக்கோயா சித்தப்பா: கோயில் அண்டா யார் வீட்டில் இருக்கிறது? தலைவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பெரியம்மா: சுரேன், போத்தல்களை வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். குளிரில் உறைந்துவிடாமல் இருக்கட்டும் என்று.

சுரேன்: ஐயோ பெரியம்மா, உடனே எடுங்கள்! உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. சீனி மிச்சமிருந்து சூடும் பட்டால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும், வாயு ஏறும். பின்னறையில் சிமெண்டுத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். நானுஓயா இரவுக்குப் பிரிட்ஜே தேவையில்லை. படுக்க வைக்காதீர்கள், ஆட்டாதீர்கள்.

கவிதா: மஸ்கெலியா வான்!!!

சுரேன்: அதேதான். கள்ளுப் போத்தலை மூடி இறுக்கினால் என்ன ஆகும் என்று இந்தக் குடும்பத்துக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பண்டாரவளை அத்தை: என் கூறைச்சேலை. முந்தானையிலிருந்து கொசுவம் வரை கித்துள் கள்ளு. அந்த வாடையோடுதான் மணவறையில் உட்கார்ந்தேன். இன்றுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொட்டகலை மாமா: மூடியை இறுக்கியது நான் இல்லை. கள்ளு வாங்கியது மட்டும்தான் நான்.

டிக்கோயா சித்தப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கவிதா: அப்பா, எதை நீக்கினீர்கள்?

பண்டாரவளை அத்தை: நான் படித்துவிட்டேன்.

பெரியம்மா: எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று லேசாக ‘உஸ்’ என்றது. அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

சுரேன்: அதைத் தொட வேண்டாம். நான் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து பார்க்கிறேன். திறக்கும்போது தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியின் ஒரு ஓரத்தை மட்டும் சற்றுத் தூக்கி, சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் பாதி கூரைக்குப் போய்விடும். முதல் கிளாஸ் தெளிவாக வரும், கடைசிக் கிளாஸ் கலங்கலாக வரும். எனக்குக் கடைசிதான் பிடிக்கும், புளித்த மா வாசம் அடிக்கும்.

கவிதா: ஒரு போத்தலுக்கு ஆறு கிளாஸ். ஆட்கள் எண்பது பேர்.

கொட்டகலை மாமா: அப்படியென்றால் வெளியில் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா: எனக்கு ஒரு வாய்.

பெரியம்மா: பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதில் எழுதுகிறார். உங்களுக்குச் சீனி வருத்தம். புதன்கிழமை கிளினிக்.

பெரியப்பா: சீனியை ஈஸ்ட் தின்றுவிட்டதாமே.

சுரேன்: பெரியப்பா, முழுவதும் தின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பெரியப்பா: 👍

டிக்கோயா சித்தப்பா: அண்டா?

கொட்டகலை மாமா: என் வீட்டில்தான். கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மா: கோயில் அண்டாவிலா???

கொட்டகலை மாமா: கழுவிக் கொண்டு வருகிறேன் அக்கா. வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறேன், வழியில் கடைக்கும்

பெரியம்மா: நேராக வீட்டுக்கு வா.

பண்டாரவளை அத்தை: பண்டாரவளைக்கு வான் அனுப்புகிறீர்களா, ரயிலில் வரவா?

டிக்கோயா சித்தப்பா: வான்காரரைக் கேட்டுச் சொல்கிறேன். ஐயரும் அதே வானைத்தான் கேட்டிருக்கிறார்.